முள்ளு படுத்துட்டா?

குற்றாலத்தில் அருவிக்குப் போகிற சாலையில் ஒரு லாட்ஜ் இருக்கிறது. மூன்று மாடி, வெளிச்சுவர் முழுக்க இளமஞ்சள். அந்த வழியாக பஸ்ஸில் போகும்போதெல்லாம் ஜன்னலோரம் பார்த்துத்தான் உட்காருவேன். பக்கத்தில் யார் இருந்தாலும், அவர்கள் கேட்டாலும் கேட்காவிட்டாலும், "அந்தா தெரியுதுல்லா, மேல ரெண்டு மாடி நான் அடிச்சது" என்று சொல்லிவிடுவேன். சிலர் என்னை ஒரு மாதிரி பார்ப்பார்கள். பார்க்கட்டும், எனக்கென்ன.

நாங்கள் மேலகரத்தில் இருக்கிறோம். என் வீட்டுக்காரர் பெயிண்டர். பிரஷ்ஷில் தொடங்கியவர், கல்யாணமான புதிதில் கல்ஃபுக்குப் போய், அங்கே ஸ்பிரே மெஷினில் கை பழகித் திரும்பினார். வந்ததும் அதே போல ஒரு மெஷின் வாங்கினார். காற்று கலக்காமல் பெயிண்டை மட்டும் பிடித்துத் தள்ளுகிற வகை. வாளியிலிருந்து உறிஞ்சி, நீளமான குழாய் வழியாகக் கையிலுள்ள துப்பாக்கிக்கு அனுப்பும். துப்பாக்கி நுனியில் இருப்பது கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத ஒரு ஓட்டை. அது வழியாக ஒரு சுவருக்கான பெயிண்ட் வெளியே வர வேண்டுமென்றால் பின்னாலிருந்து என்ன அழுத்தம் தள்ள வேண்டும்? லாரி டயருக்கு அடிக்கிற காற்றெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

மெஷின் பக்கம் நிற்க ஆள் தேடினார். வந்தவர்கள் எவரும் நிலைக்கவில்லை. ஒருவர் போனில் பேசிக்கொண்டே நிற்பார், இன்னொருவர் டீ குடிக்கப் போனால் போனதுதான். எனக்குப் பொறுக்கவில்லை. "நான் வந்து நிக்கேன்" என்றேன். "வெயில்ல ஒனக்கு எதுக்குட்டி இது" என்றார். அடுப்படியில் மட்டும் என்ன, மார்கழிக் குளிரா அடிக்கிறது? மறுநாளே சேலைக்கு மேல் அவருடைய பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

மெஷினை எப்படி ஓட்டுவது என்று அவர் முதலில் சொல்லவில்லை, எப்படி நிறுத்துவது என்றுதான் சொன்னார். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. மோட்டார் நின்ற பிறகும் அழுத்தம் குழாய்க்குள் உட்கார்ந்திருக்கும். திருகைத் திருப்பி அதை வாளிக்குள் இறக்கிவிட வேண்டும். துப்பாக்கிக்காரர் தன் பங்குக்குப் பக்கத்தில் வைத்திருக்கும் காலி வாளியைப் பார்த்து விசையை இழுத்து மிச்சத்தை விட வேண்டும், பிறகு விசையைப் பூட்ட வேண்டும். அதற்கு அப்புறம்தான் நுனிக்குப் பக்கத்தில் கை போகலாம். ஏன் இவ்வளவு என்று கேட்டேன். கல்ஃபில் அவர் தங்கியிருந்த கேம்ப்பில் ஒருவருக்கு நுனியிலிருந்து பெயிண்ட் விரலுக்குள் பாய்ந்துவிட்டதாம். சின்னப் புள்ளிதான், வலிகூட இல்லை. ஒன்றுமில்லை என்று துடைத்துவிட்டுப் படுத்தார். விடிந்தபோது கை வீங்கிக் கறுத்திருந்தது. கடைசியில் அந்த விரலை எடுத்துவிட்டார்கள். இதைச் சொல்லும்போது அவர் தன் விரலையே தடவிக்கொண்டிருந்தார்.

அன்றிலிருந்து எங்களுக்குள் ஒரு கேள்வி பதில் உண்டு. நுனி அடைத்துக்கொண்டால் அவர் மேலேயிருந்து, "எறங்கிட்டா?" என்று கேட்பார். அழுத்தத்தை இறக்கிவிட்டு நான், "எறங்கிட்டு" என்று பதில் கொடுப்பேன். இறங்கிவிட்டது என்பதை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்லுவோம். அந்தப் பதில் வராமல் அவர் நுனியைத் தொட மாட்டார்.

என் கோபம் மேலகரத்தில் கொஞ்சம் பிரபலம். மெஷினுக்குப் பக்கத்தில் அது நல்லதுக்காயிற்று. துப்பாக்கிக்கு நேராக யாராவது குறுக்கே வந்தால் சொல்லிக்கொண்டிருக்க மாட்டேன், அணைத்துவிடுவேன். அந்த லாட்ஜ் வேலையின்போது அதன் மேனேஜர் அண்ணாச்சி போனும் காதுமாக அடிக்கடி குறுக்கே நடந்தார். மூன்றாவது தடவை அணைத்துவிட்டு, "அண்ணாச்சி, ஒங்களுக்கு மஞ்சள் அடிக்கணும்னா சொல்லுங்க, அடிச்சு விடுதோம்" என்றேன். அவர் சிரித்துவிட்டார்.

"பிரஷர் மெஷினுக்கா, ஒனக்காம்மா?" என்று கேட்டார்.

"ரெண்டுக்குந்தான்" என்றேன்.

அது மே மாதம். சீசன் தொடங்குவதற்குள் எல்லா லாட்ஜும் குளித்துத் தலைவாரி நிற்க வேண்டும். சாரல் விழ ஆரம்பித்துவிட்டால் வெளிச்சுவரில் கை வைக்க முடியாது. செங்கோட்டைப் பக்கமிருந்து காற்று வேறு ஏறிக்கொண்டிருந்தது. அதனால் காலையில் காற்று அடங்கியிருக்கிற நேரத்தில் வெளிச்சுவர் அடித்தோம். அதே நேரத்தில் லாட்ஜ்காரர்களும் மேல்மாடி அறைகளிலிருந்து பழைய கட்டில்களைக் கயிறு கட்டிக் கீழே இறக்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கும் அவசரம், எங்களுக்கும் அவசரம்.

முதல் மாடி முடிந்து இரண்டாவது தொடங்கியிருந்தது. அவர் சுவரோரம் கட்டிய சாரத்தில் நின்றார். நான் கீழே மெஷினுக்குப் பக்கத்தில் குனிந்து, புது டின்னைத் திறந்து வாளியில் வடிகட்டி ஊற்றிக்கொண்டிருந்தேன். மெஷின் இரைந்துகொண்டிருந்தது. மேலே நுனி அடைத்திருக்கிறது. அவர் வழக்கம்போல, "எறங்கிட்டா?" என்று கேட்டிருக்கிறார். எனக்குக் கேட்கவில்லை. ஆனால் கட்டிடத்தின் மறுபக்கம் கட்டில் தரையைத் தொட்டதும் ஒருவர் தன் ஆளுக்கு, "எறங்கிட்டு" என்று குரல் கொடுத்திருக்கிறார். மெஷின் இரைச்சலில் அது இவர் காதில் என் பதிலாக விழுந்தது.

வேறு எந்த ஊரில் இப்படி ஒரு கூத்து நடக்கும்? கட்டில் இறங்கினாலும் எறங்கிட்டு, அழுத்தம் இறங்கினாலும் எறங்கிட்டு.

அவர் விசையை இழுத்துப் பார்த்தார். நுனி அடைத்திருந்ததால் எதுவும் வரவில்லை. எதுவும் வராததால் அழுத்தம் இல்லை என்று நம்பிவிட்டார். இடதுகை விரலை விசையிலிருந்து எடுக்காமலே, வலதுகை ஆள்காட்டி விரலால் நுனியைத் துடைத்தார். அவர் வேலைக்கு இடதுகைக்காரர். சாப்பிட மட்டும் வலதுகை. அடைப்பு அந்த நொடியில் விட்டுப்போயிற்று.

சாரத்திலிருந்து மெதுவாக இறங்கி வந்தார். அவர் முகத்தைப் பார்த்ததுமே மெஷினை அணைத்தேன். விரலை நீட்டினார். கையுறையில் ஒரு பொட்டு ஓட்டை. கழற்றினால் விரலிலும் ஒரு பொட்டு, அதன் வாயில் மஞ்சளாக ஒரு துளி. ரத்தம் இல்லை.

மேனேஜர் அண்ணாச்சி எட்டிப் பார்த்தார். "ஊசி குத்துனாப்புலதான இருக்கு. ஒரு டி.டி. போட்டுட்டு வந்தா முடிஞ்சுது."

கட்டில் இறக்கியவர்களும் கூடிவிட்டார்கள். ஒருவர் மஞ்சள் வை என்றார், இன்னொருவர் சுண்ணாம்பு என்றார். எங்கள் ஊரில் ஆணி குத்தினாலும் தகரம் கிழித்தாலும் டி.டி. ஊசி போட்டு வந்துவிட்டால் காயம் முடிந்த கணக்கு. எல்லாரும் நல்லெண்ணத்தில்தான் சொன்னார்கள். இவரும் தலையாட்டினார். "வலிக்கவே இல்லட்டி. இந்தச் சொவர முடிச்சுட்டுப் போயி ஊசி போட்டுக்கிடுதேன்."

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. கோபமா பயமா என்று இன்றைக்கும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. "ஒங்க கேம்ப்ல அந்த ஆளும் இதத்தான சொன்னாரு? ஒண்ணுமில்லன்னுதான போயிப் படுத்தாரு? என்கிட்ட சொன்னது கதையா, நெசமா?" என்று கேட்டேன். அத்தனை பேர் முன்னாலும் கேட்டேன். அவர் விரலைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. மேனேஜர் அண்ணாச்சி உடனே தன் காரை எடுத்துக்கொண்டு வந்தார். அதற்காக அவரை நான் எப்போதும் நினைப்பேன். காலி டின்னை மடியில் வைத்துக்கொண்டு ஏறினேன். உள்ளே போனது என்ன பெயிண்ட் என்று கேட்பார்கள், அதை டின்னே சொல்லட்டும். "கையத் தூக்கிப் புடிங்க. பிதுக்காதிய. ஆபரேஷன்னு சொன்னாலும் சொல்லுவாவ, எதுவும் குடிக்காதிய" என்று தென்காசி வரும்வரை சொல்லிக்கொண்டே வந்தேன். இதெல்லாம் அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்ததுதான்.

ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா விரலைப் பார்த்தார். "ஊசி குத்திட்டா?" என்றபடி டி.டி. மருந்தை எடுக்கப் போனார். அந்தப் புள்ளியைப் பார்த்தால் யாரும் அப்படித்தான் நினைப்பார்கள். நான் டின்னை மேஜைமேல் வைத்தேன்.

"ஊசி குத்தலம்மா. மெஷினு இவருக்கு ஊசி போட்டிருக்கு. மருந்துக்குப் பதிலா பெயிண்ட் உள்ள போயிருக்கு."

அந்தச் சொல்தான் வேலை செய்தது. பக்கத்தில் இன்னொருவருக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்த டாக்டரம்மா அதைக் கேட்டு உடனே திரும்பினார். சின்ன வயதுதான். எத்தனை மணிக்கு நடந்தது, என்ன மெஷின் என்று இரண்டே கேள்விகள். டின்னில் எழுதியிருந்ததைப் படித்தார். நுனியில்தான் புள்ளி இருந்தது, ஆனால் விரலின் அடிவரை அதற்குள் வீங்கத் தொடங்கியிருந்தது. "நேரா இங்க வந்தீங்க, நல்லதாப் போச்சு" என்று சொல்லிக்கொண்டே திருநெல்வேலிக்குப் போன் செய்தார். டின்னை மறுபடியும் கையில் எடுத்துக்கொண்டுதான் ஆம்புலன்ஸில் ஏறினேன்.

திருநெல்வேலியில் அன்றைக்கே விரலை நுனியிலிருந்து உள்ளங்கை வரை திறந்து கழுவினார்கள். உள்ளே மஞ்சள் அவ்வளவு தூரம் போயிருந்ததாம். இரண்டாவது தடவையும் கழுவினார்கள். ஆபரேஷன் செய்த டாக்டர் என்னிடம், எடுக்க வேண்டியதில்லை, விரல் நிற்கும், ஆனால் எவ்வளவு மடங்கும் என்பது இனி அவர் பயிற்சி செய்வதில்தான் இருக்கிறது என்றார். விரல் நிற்கும் என்ற சொல்லைக் கேட்டு நான் அந்த வராந்தாவிலேயே உட்கார்ந்து அழுதேன்.

இங்கே லாட்ஜ் அரை மஞ்சளும் அரைப் பழசுமாக நின்றது. வேறு ஆள் பார்த்துக்கொள்ளட்டும் என்றார் இவர். "எதுக்கு வேற ஆளு? நான் இருக்கேம்லா" என்றேன். எங்கள் வீட்டையும் இலஞ்சியில் இரண்டு காம்பவுண்டுச் சுவர்களையும் ஏற்கெனவே அடித்திருக்கிறேன். எனக்குக் கை வரும் என்று அவருக்குத் தெரியும். தயங்கியது கையை நினைத்து இல்லை, அந்தப் பதிலை நினைத்துத்தான்.

அதனால் முதலில் சொல்லை மாற்றினோம். மெஷினில் அழுத்தம் காட்டுகிற வட்டம் ஒன்று உண்டு. அழுத்தம் போய்விட்டால் அதன் முள் அப்படியே கீழே படுத்துவிடும். அதைப் பார்த்துக்கொண்டே, "இனிமே முள்ளு படுத்துட்டான்னு கேக்கேன். படுத்துட்டுன்னு ஒங்க கொரல்ல வரணும்" என்றேன். கட்டில் இறங்கலாம், ஆள் இறங்கலாம், விலைவாசிகூட என்றைக்காவது இறங்கலாம். முள் படுப்பது எங்கள் மெஷினில் மட்டும்தான். முள் படுத்துவிட்டது என்று கேட்ட பிறகும் வாளிக்குள் விசையை இழுத்து, பூட்டிவிட்டு, நுனியைக் குறட்டால்தான் கழற்றுவேன். விரல் பக்கத்திலேயே போகாது.

கட்டுப் போட்ட கையைக் கழுத்துத் தூளியில் தொங்கவிட்டபடி அவர் கீழே ஸ்டூலில் உட்கார்ந்தார். நான் கண்ணாடி, மூக்குமூடி எல்லாம் மாட்டி, முடியைத் துணியால் கட்டி, இடுப்பில் பெல்ட் போட்டுச் சாரத்தில் ஏறினேன். சாலையில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். "யாருல அது, பொம்பளயா?" என்று ஒருவர் கேட்பது காதில் விழுந்தது. "எம் பொண்டாட்டி. தள்ளி நில்லுங்க" என்று கீழேயிருந்து இவர் சொன்னதும் விழுந்தது. சுவருக்கு நேராகத் துப்பாக்கியை வைத்து, மணிக்கட்டை ஆட்டாமல் கையோடு சேர்த்து நகர்த்தி, ஒரு வரியின் மேல் பாதி ஏறும்படி அடுத்த வரியை அடித்தேன். திட்டு இல்லை, வடிசல் இல்லை. அடைத்தபோதெல்லாம் கேட்டேன். அவர் முள்ளைப் பார்த்துப் பார்த்துச் சொன்னார். கடைசிச் சுவர் காய்ந்த மறுநாள் சாரல் விழுந்தது. மேனேஜர் அண்ணாச்சி குடையைப் பிடித்துக்கொண்டு சுவரை மேலும் கீழும் பார்த்தார். "அடுத்த வருசமும் நீதான் வரணும்" என்று என்னைப் பார்த்துச் சொன்னார், இவரைப் பார்த்து இல்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

வீட்டில் மட்டும் பெருமை பேச முடியவில்லை. விரல் மரக்கட்டையாக விறைத்து நின்றது. மாவு உருட்டச் சொன்னார்கள், ஸ்பாஞ்சைப் பிதுக்கச் சொன்னார்கள், எல்லாம் செய்தார். சாப்பாடு ஸ்பூனில்தான். ஸ்பூனில் சாப்பிட்ட சோறு சோறாகவே இல்லை என்று தட்டைப் பாதியில் தள்ளிவிடுவார். சாளை மீன் குழம்பு என்றால் உயிரை விடுகிற மனிதர். நான் ஒவ்வொரு முள்ளாக எடுத்துப் போட்டு அவர் தட்டில் வைப்பேன். குனிந்த தலை நிமிராமல் தின்றுவிட்டு எழுந்துபோவார்.

சீசன் முடிகிற சமயம் ஒருநாள் சாளை வாங்கி வந்தேன். வழக்கம்போல முள் எடுக்க அவர் தட்டை இழுத்தேன். "இரி" என்றார். ஸ்பூனை ஓரமாக வைத்தார். அந்த விரலையும் கட்டைவிரலையும் சேர்த்தார். முதலில் வழுக்கியது, மறுபடியும் வழுக்கியது. என் கை தானாக நீண்டது, மடக்கி மடியில் வைத்துக்கொண்டேன். விரல் மெல்ல மடங்கியது. நடுமுள்ளைப் பிடித்து முழுசாக உருவினார், தட்டின் ஓரத்தில் கிடத்தினார். அப்புறம்தான் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"முள்ளு படுத்துட்டு" என்றார்.