எல்லாரும் இறங்கிய பந்தயம்

அந்தச் சைக்கிள் பந்தயம் எமர்ஜென்சி சமயத்தில் நடந்தது என்று என் அண்ணன் சொல்வான். தவறு. அதற்கு முந்தைய பொங்கல் ஒன்றில் நடந்தது. அப்போது தாசில்தார் ஆபீசில், உழுபவனின் உரிமையைச் சட்டப்படி எழுதிவைக்கும் குத்தகைதாரர் பதிவு நடந்துகொண்டிருந்தது. மேட்டூர் அணையை இன்னும் மூடவில்லை, வாய்க்காலில் தண்ணீர் ஓடியது. சம்பா அறுப்பு பாதி முடிந்திருந்தது. காலத்தை இவ்வளவு கறாராகச் சொல்லக் காரணம் உண்டு. குத்தகைப் பதிவு இல்லாத வேறொரு பொங்கலாக இருந்திருந்தால் அந்தப் பந்தயம் வேறு மாதிரி நடந்திருக்கும்.

எங்கள் ஊர் பூதலூருக்குத் தெற்கே. நடுத்தெருவில் மிராசுதாரும் அவருடைய பங்காளிகளும் இருந்தார்கள். மேலத்தெருவில் அவருடைய நிலத்தைக் குத்தகைக்கு உழுதவர்கள். கீழத்தெருவில் கூலிக்கு நட்டு அறுத்த நாங்கள். கீழத்தெரு ஆள் நடுத்தெருவில் சைக்கிள் மிதித்துப் போகக்கூடாது. தேரடி வந்ததும் இறங்க வேண்டும். தள்ளிக்கொண்டே போய்ப் பிள்ளையார் கோயில் முக்கில் மறுபடி ஏறிக்கொள்ளலாம். இதை யாரும் எழுதி வைத்ததில்லை. ஆட்சி மாறி, சமத்துவம் பற்றி எங்கள் ஊர்த் திடலிலேயே மேடை போட்டுப் பேசிய பிறகும், தேரடி வந்தால் எங்கள் கால் தானாகத் தரைக்கு வந்தது.

மேலத்தெருவில் எனக்கு ஒரு சிநேகிதன். பூதலூர் நூலகத்தில் ஒரே புத்தகத்துக்கு இருவரும் காத்திருந்து பழகியவர்கள். அவன் என்னை மாப்ள என்று கூப்பிடுவான். முறை கொண்டாடும் அந்தச் சொல்லை மேலத்தெருக்காரன் ஒருவன் எங்கள் ஆளைப் பார்த்துச் சொல்வதை அதற்கு முன் நான் கேட்டதில்லை. தன் அம்மா எதிரிலும் அப்படியே கூப்பிட்டான். அவன்தான் ஊர் இளைஞர் மன்றத்தின் செயலாளர்.

காணும் பொங்கலன்று வழக்கமாக ஸ்லோ சைக்கிள் ரேஸ் வைப்பார்கள். கடைசியாக வருபவனுக்குப் பரிசு.

"மெதுவா போறதுக்கா ரேஸு? அதான் வருஷம் பூரா போறோமே. இந்த தடவ நெசமான ரேஸு வச்சுடுவோம், மாப்ள. நீ பாதையப் பாரு" என்றான்.

மார்கழிக் காலைகளில் இருவரும் பாதை பார்த்தோம். முன்சக்கரத்தில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டி, அது எத்தனை முறை சுற்றுகிறது என்று எண்ணி நான் தூரம் கணக்கிட்டேன். தார் ரோட்டில் ரயில்வே கேட் வரை போய்த் திரும்புவது முதல் யோசனை. கேட் போட்டுவிட்டால் முன்னால் வந்தவனும் பின்னால் வந்தவனும் ஒன்றாக நின்றுவிடுவார்கள் என்று தள்ளினோம். ஆற்றங்கரை வழி இரண்டாவது. அறுப்பு வண்டிகள் போய்ப் போய் மாட்டுவண்டித் தடம் முழங்கால் ஆழத்துக்கு விழுந்திருந்தது. என் சிநேகிதன் அதில் ஒருமுறை விழுந்து எழுந்து, "இது ரேஸு இல்லடா, நடவு" என்றான்.

மூன்றாவது, அந்த வருஷம் பஞ்சாயத்து போட்ட கிராவல் ரோடு. எங்கள் களிமண் பூமியில் மழை பெய்தால் செருப்பை விட்டுவிட்டுத்தான் நடக்க வேண்டும். வல்லத்துப் பக்கமிருந்து லாரியில் செம்மண் கிராவலைக் கொண்டுவந்து அடித்ததில் முதல்முறையாகச் சக்கரம் புதையாத ஒரு வழி கிடைத்திருந்தது. அது கீழத்தெருவில் தொடங்கி, வாய்க்கால் ஓரமாக வளைந்து, தேரடியில் நடுத்தெருவுக்குள் நுழைந்து, குளத்தைச் சுற்றித் திரும்பவும் கீழத்தெருவுக்கே வந்தது. உருளும் கல்லில் பிரேக் பிடித்தால் வழுக்கும். வளைவில் சைக்கிளைச் சாய்க்கத் தெரிய வேண்டும். பந்தயத்துக்கு ஏற்ற பாதை அதுதான்.

நான் தயங்கியதை அவன் கவனித்தான்.

"நடுத்தெருவ நெனச்சுத்தான யோசிக்கிற? அதுக்காகத்தான் இந்தப் பாதையே. ரேஸுல எவன்டா எறங்குவான்? மிதிச்சுக்கிட்டே போவீங்க. ஒரு தடவ போயிட்டா போனதுதான். அப்பறம் எவன் நிறுத்துறான்னு பாத்துடுவோம்."

மன்றக் கூட்டத்தில் மூன்று பாதைகளையும் நான்தான் விளக்கினேன். மூன்றாவதை ஒருமனதாக ஏற்றார்கள். முதல் பரிசு எவர்சில்வர் குடம், மிராசுதார் உபயம் என்றார்கள். அதிலாவது எனக்கு ஏதாவது தோன்றியிருக்க வேண்டும், தோன்றவில்லை. நடுத்தெருவில் சக்கரம் ஓடும் சத்தம்தான் எனக்குள் கேட்டுக்கொண்டிருந்தது. பந்தயம் நடுத்தெரு வழியாக என்று வீட்டில் சொன்னேன். அறுப்பு முடிந்து வந்த அண்ணன், தன் பழைய சைக்கிளின் மட்கார்டையும் செயின் கவரையும் ஸ்டாண்டையும் கழற்றி மூலையில் வைத்துவிட்டு, வாய்க்கால் ஓரம் பழகப் போனான். சேதி தெருவெங்கும் பரவியது. பந்தயம் பார்க்க அம்மா புதுப்புடவையை எடுத்து வைத்தாள்.

காணும் பொங்கல் காலையில் கீழத்தெரு முனையில் மைக் செட் கட்டியிருந்தார்கள். மூன்று தெரு ஆட்களும் சைக்கிளோடு வரிசையில் நின்றார்கள். என் சிநேகிதன் மைக்கைப் பிடித்துப் போட்டி விதிகளைப் படித்தான். ஒருவரை ஒருவர் இடிக்கக் கூடாது. குறுக்கு வழியில் போகக் கூடாது. பிறகு குரல் மாறாமல் அடுத்த விதியைச் சொன்னான்.

"நடுத்தெருவில் பெண்களும் குழந்தைகளும் கூடியிருப்பதால், பாதுகாப்பு கருதி, தேரடியிலிருந்து பிள்ளையார் கோயில் முக்கு வரை போட்டியாளர்கள் அனைவரும் இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு செல்ல வேண்டும். இது எல்லாருக்கும் பொதுவான விதி."

கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவனிடம் போனேன். மைக்கைக் கையால் பொத்தினான்.

"என்னடா இது?"

"எல்லாருந்தான எறங்குறாங்க? எங்க தெரு ஆளும் எறங்குறான், மிராசு வீட்டுப் பையனும் எறங்குறான். இதவிட சமத்துவம் என்ன வேணும்?"

"நீங்க இன்னைக்கு ஒரு நாள் எறங்குறீங்க. நாங்க தெனமும் எறங்குறோம். இப்ப அத விதின்னு நீ மைக்ல படிக்கிற."

அவன் பார்வை என் தோளுக்கு அப்பால் போயிற்று. "அப்பா பேருல குத்தகை பதிவாவணும். மிராசு அய்யா ஆட்சேபிச்சாருன்னா கேஸு, கோர்ட்டுன்னு பத்து வருஷம் இழுக்கும். நேத்து கூப்பிட்டு ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாரு. உழுற நெலம்டா. புரிஞ்சுக்க தம்பி."

தம்பி என்றான். நான் அவனைவிட மூத்தவன்.

அண்ணனிடம் ஓடினேன். "வா, போயிடலாம்" என்றேன். அவன் எங்கள் தெருப் பெண்கள் நின்ற பக்கம் பார்த்தான். புதுப்புடவையில் அம்மா நின்றாள். "வந்து நின்னாச்சு. இப்ப போனா தோத்துட்டு ஓடுறான்னுதான் சொல்லுவானுங்க" என்றான். விசில் ஊதிவிட்டது.

நான் குறுக்கே ஓடித் தேரடிக்கு வந்தபோது முதலில் மிராசுதார் வீட்டுப் பையன் புதுச் சைக்கிளில் வந்தான். அவனுக்குப் பின்னால் மேலத்தெருக்காரர்கள் இருவர், அதற்கும் பின்னால் அண்ணன். எல்லாரும் இறங்கினார்கள். அப்போதுதான் யாரும் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. முன்னால் வந்த மூவருக்கும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஓடத் தெரியவில்லை. பெடல் கணுக்காலில் அடித்தது, ஹேண்டில் திரும்பிக்கொண்டது, கிராவலில் சக்கரம் விலகியது. மிராசுதார் வீட்டுப் பையன் சைக்கிளோடு சாய்ந்தான். எங்கள் ஆட்களோ சின்ன வயதிலிருந்து அந்தத் தெருவில் அதைத்தான் செய்துவந்தார்கள். ஒரு கை ஹேண்டிலில், ஒரு கை சீட்டில், உடம்பு லேசாகச் சாய்ந்து, பார்வை தரையில். அண்ணன் எல்லாரையும் கடந்து ஓடினான். நடுத்தெரு கைதட்டியது. சிரித்துச் சிரித்துத் தட்டியது.

அவன்தான் ஜெயித்தான்.

குடத்தை மிராசுதார் கொடுத்தார். "தள்ளுறதுல இவனுங்கள அடிச்சுக்க முடியுமா?" என்று சிரித்தார். மைக்கில் என் சிநேகிதனும் அந்தச் சிரிப்பில் சேர்ந்துகொண்டான். அது குழாய் வழியாக ஊர் முழுக்கக் கேட்டது. பிறகு என் அருகே வந்து மெதுவாகச் சொன்னான்: "பாத்தியா, உங்களுக்குத்தான சாதகமாச்சு." என்னைச் சமாதானப்படுத்துவதாகவே அவன் நினைத்தான் என்று இன்றும் நம்புகிறேன். அதுதான் பொறுக்க முடியாததாக இருந்தது.

அறுப்புக்குப் போன அண்ணன் மறுநாள் தேரடியில் இறங்கியபோது மிராசுதார் வீட்டு வாசலிலிருந்து யாரோ கை தட்டினார்கள். "என்னடா, இன்னைக்கும் ரேஸா?" அதற்குப் பிறகு கீழத்தெரு ஆள் யார் இறங்கினாலும் அந்தக் குரல் வந்தது. "ரேஸு உடுறான் பாரு, ரேஸு!" முன்பு மௌனமாக நடந்துவந்த ஒன்று இப்போது வேடிக்கையாகிவிட்டது. அண்ணன் நடுத்தெரு வழியை விட்டான். வண்டித் தடத்தில் விழுந்து எழுந்து, ஆற்றங்கரை வழியாக வேலைக்குப் போய்வந்தான். குடத்தில் அம்மா தண்ணீர் பிடிக்கவே இல்லை.

குத்தகை பதிவாயிற்று. அடுத்த மார்கழியில் என் சிநேகிதன் எங்கள் தெருவுக்கு வந்தான், பழையபடி சைக்கிளில் ஒரு காலை ஊன்றி நின்றபடி.

"இந்த வருஷமும் ரேஸு இருக்கு, மாப்ள. நீதான் பாதை பாக்கணும்."

"பாதைய நீங்களே பாத்துக்கங்க" என்றேன்.

"என்னடா, வாங்க போங்கங்குற?"

"உள்ள வேலை இருக்குங்க" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் போனேன். அவன் கொஞ்ச நேரம் நின்றிருக்க வேண்டும். பெல் சத்தம் ஒருமுறை கேட்டது. நான் வெளியே வரவில்லை.