இரவல் புடவை கட்டிய பட்டாம்பூச்சி

எனக்கு எழுபத்தொன்பது வயது. பெற்று வளர்த்தது ஏழு. புழுக்களை அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. பள்ளிக்கூடம் போனதில்லை, எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன். ஆனால் கண்ணால் பார்த்ததைத்தான் எழுதுவேன். பார்ப்பதில் எனக்குப் பிழை வராது.

கல்யாணமாகிக் கல்கத்தாவில் காளிகாட் வந்த புதிது. அவர் ஒரு கம்பெனியில் குமாஸ்தா. எங்களுக்குக் குடித்தனம் வைத்துக் கொடுக்க மாமியாரும் கூட வந்தார். வரும்போது மண்ணெண்ணெய்த் தகரத்தில் ஒரு கருவேப்பிலைக் கன்றை மடியில் வைத்துக்கொண்டே ரயிலில் வந்தார். இந்த ஊர்ச் சந்தையில் அப்போது கருவேப்பிலை கிடைக்காது. அக்கம்பக்கத்தில் இருந்த நம்மூர்க்காரர்கள் எல்லாம் எங்கள் செடியை நம்பித்தான் ரசம் வைப்பார்கள். "இது உன் பொறுப்பு" என்று மாமியார் என்னிடம் சொல்லிவிட்டார். வேறு எதையும் அவர் என்னை நம்பி விட்டதில்லை.

முதல் மழை பெய்து செடி துளிர்த்தது. கறுப்பாக ஒரு பட்டாம்பூச்சி வந்து துளிரைத் தொட்டுத் தொட்டுப் பறந்தது. பின் இறக்கையில் வெள்ளைத் திட்டு, ஓரமெல்லாம் சிவப்பு. என்ன அழகு என்று பார்த்துக்கொண்டு நின்றேன். கொஞ்ச நாள் கழித்து இலையில் காக்கை எச்சம் மாதிரி கிடந்தது. தட்டிவிடப் போனால் அது நகர்ந்தது! பிறகு அதுவே தோலை உரித்துப் பச்சைப் புழுவாகி இலையை மேய ஆரம்பித்தது. ஒன்றல்ல, கிளைக்குக் கிளை.

"ஏண்டி, செடி மொட்டையடிச்சுண்டு நிக்கறதே, பாத்துண்டா இருக்கே? வெந்நீரைக் கொண்டா!" என்றார் மாமியார்.

நான் ஒரு குச்சியால் புழுவைச் சீண்டினேன். தலைக்குப் பின்னாலிருந்து சிவப்பாக இரண்டு கொம்பு சடாரென்று வெளியே வந்தது. கூடவே நாரத்தங்காய் வாசனை. பாம்பு நாக்கு மாதிரி நீட்டிக் காட்டிவிட்டு உள்ளே இழுத்துக்கொண்டது. எனக்குப் பயத்தைவிட ஆசைதான் வந்தது. இது என்னவாகும் என்று பார்க்காமல் எப்படி வெந்நீர் ஊற்றுவது? அந்த வாசனைதான் யோசனையும் கொடுத்தது. எதிர்வீட்டு முற்றத்தில் எலுமிச்சை மரம் இருந்தது. அதைத் தின்னுமோ?

எதிர்வீட்டு வங்காளி அம்மாளை மாசிமா, அதாவது சித்தி என்று கூப்பிடுவேன்; அவருக்கு நான் பௌமா, மருமகள். போய்ப் பார்த்தால் அவர் மரத்தடியில் நின்று அதே புழுக்களைப் பொறுக்கிச் செங்கல்லால் நசுக்கிக்கொண்டிருக்கிறார். அவர் வீட்டு நிலைக்கு மேலேயோ பட்டாம்பூச்சிப் படம். இந்த ஊரில் பிரஜாபதி என்றால் பட்டாம்பூச்சி, கல்யாணத்துக்குத் தெய்வமும் அதுதான். கன்னிப்பெண் மேல் அது வந்து உட்கார்ந்தால் வரன் குதிரும் என்பார்கள். மாசிமாவுக்கு ஒரே பெண். பெண் பார்க்க வந்தவர்கள் எல்லாம் சந்தேஷ் மிட்டாய் தின்றுவிட்டுப் போனதுதான் மிச்சம்.

"மாசிமா, நீங்கள் நசுக்குவதுதான் பிரஜாபதி" என்றேன்.

"போ பௌமா! பூவிலிருந்து வருவது அது. இந்த அசிங்கத்திலிருந்தா வரும்?"

"வந்தால்?"

"வந்தால் இந்த மரத்தைப் புழுக்களுக்கே விட்டுவிடுகிறேன். வராவிட்டால் மழைக்காலம் முழுக்க நீ வந்து என் மரத்தில் புழு பொறுக்க வேண்டும்."

சரி என்று வந்துவிட்டேன். பந்தயம் மாமியார் காதில் விழுந்தது. "நம்மாத்துப் பொண்ணு ஊரார் மரத்திலே புழு பொறுக்கறதா! ஒரு பூச்சியும் வராம போகட்டும், செடியை வேற ஒருத்தி பாத்துப்பா" என்றார். அந்தச் செடி கைவிட்டுப் போனால் அந்த வீட்டில் எனக்கென்று ஒன்றும் இல்லை.

எங்கள் செடியிலிருந்த புழுக்களை எல்லாம் மாசிமா வீட்டு எலுமிச்சைக் கிளைக்கு மாற்றி, கிழிந்த கொசுவலையால் மூடிக் கட்டினேன். முதல் நாள் ஒன்றும் தின்னவில்லை. மறுநாள் காலையில் இலையோரம் கடிபட்டிருந்தது. அப்பாடா! தின்று கொழுத்து, இடுப்பில் ஒரு நூலைக் கட்டிக் கிளையில் சாய்ந்துகொண்டு கூடாயின. தென்னை ஏறுகிறவன் சாய்ந்திருப்பது போலவே இருக்கும்.

ஒரு காலை கூடு கறுத்து வெடித்தது. இறக்கை கசங்கிய ஈரத்துணியாகத் தொங்கி, மெல்ல விரிந்தது. மாசிமா கையிலிருந்த செம்பைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிட்டார். ஆனால் நான் விழித்தேன். வந்தது கறுப்பு, வெள்ளைப் பட்டை மட்டும். சிவப்பு எங்கே? அடுத்ததும் அப்படியே. மூன்றாவதாக வந்தவள் சிவப்புத் திட்டோடு வந்தாள்!

"யாரோ வேற ஜாதியைச் சேர்த்துட்டா" என்றார் மாமியார்.

சேர்க்கவில்லை. ஒரே புழு, ஒரே கூடு, இரண்டு தினுசு. அதிலிருந்து பட்டாம்பூச்சிகளின் பின்னால் திரிவதே எனக்கு வேலை. பக்கத்தில் ஓடும் ஆதிகங்கைக் கால்வாய்க் கரையில் ஈஸ்வரமூலிக் கொடி படர்ந்திருக்கும், வாயில் வைக்க முடியாத கசப்பு. அதன் மேல் இதே சிவப்புத் திட்டுக்காரி முட்டையிடுவதைப் பார்த்தேன். கிட்டப் போனால், இவள் உடம்பும் சிவப்பு! என் வீட்டுப் பூச்சிக்கு உடம்பு கறுப்பு. அவள் ஆடி அசைந்து பறக்கிறாள், எந்தக் குருவியும் சீந்துவதில்லை. கசப்பைத் தின்றவள் கசக்கத்தானே செய்வாள்? என் வீட்டுக்காரி கருவேப்பிலை தின்று ருசியாக வளர்ந்தவள். அதனால் அவள் மாதிரி உடுத்திக்கொண்டு பிழைக்கிறாள். ஆண்கள் அத்தனையும் வெள்ளைப் பட்டைதான். பெண்களில்தான் சிலருக்கு அந்தச் சாமர்த்தியம்.

மாமியாரிடம் சொன்னேன். "இரவல் புடவையிலே இது நல்ல கொசுவம்னு சொல்லுவா. உடம்பை மாத்த மறந்துட்டாளாக்கும்!" என்று வாய்விட்டுச் சிரித்தார். அன்றைக்குத்தான் அவர் என்னோடு சேர்ந்து சிரித்தது.

கடைசிக் கூட்டிலிருந்து வந்தது, பக்கத்தில் நின்ற மாசிமா பெண்ணை விட்டுவிட்டு நேரே என் மாமியார் தலையில் போய் உட்கார்ந்தது. மாசிமா கை தட்டினார். "தீதி, உங்களுக்குத்தான் கல்யாணம்!" அக்காவை அவர்கள் தீதி என்பார்கள்.

மாமியார் தலையை அசைக்கவேயில்லை. "ஊர்ல ஒருத்தர் இருக்கார், அவரைக் கேட்டுச் சொல்றேன்னு சொல்லுடி."

அது பறந்த பிறகு வீட்டுக்கு வந்து, கருவேப்பிலைத் தகரத்தை என் பக்கம் நகர்த்தி வைத்தார். "தண்ணி ஊத்தினியா?" அவ்வளவுதான் கேட்டார்.

மாசிமா பெண்ணுக்குத் தையில் கல்யாணம். பட்டாம்பூச்சி அவள் மேல் உட்காராமலே நடந்தது. ஆனாலும் மாசிமா புழுக்களுக்கு விட்ட மரத்தைத் திரும்பக் கேட்கவில்லை.

இங்கே பாட்டியிடம் வாடி குழந்தே. வங்காள எழுத்து மாதிரி இந்தத் தமிழ் உனக்கு ஓடாது, தெரியும். தடுக்கினால் தடுக்கட்டும், முதலிலிருந்து படி. கறுப்பு உடம்பு யாருக்கு, சிவப்பு உடம்பு யாருக்கு என்று நான் மாற்றி எழுதிவிட்டேனா பார்.