சரியாகச் சொன்னதற்கு ஒரு நட்சத்திரம்

என் மகள் என்னிடம் சொன்னாளா, சொல்லவில்லையா? இரண்டு வருடமாகியும் இந்தக் கேள்விக்கு என்னால் நேராகப் பதில் சொல்ல முடியவில்லை. சொன்னாள் என்பதற்குச் சாட்சி என் செல்போனிலேயே இருக்கிறது. சொல்லவே இல்லை என்று டாக்டரிடம் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னவளும் நான்தான்.

நாங்கள் சோமனூர் பக்கம். வீட்டை ஒட்டியே எங்கள் தறிக்கூடம். எட்டு விசைத்தறிகள். அது ஆடி மாதம், மகளுக்கு ஆறு வயது, ஒன்றாம் வகுப்பு. நான் பன்னிரண்டாவது வரை தமிழ் வழியில் படித்தவள். கணிதத்தில் பட்டம் வாங்கியிருக்கிறேன். ஆனாலும் யாராவது ஆங்கிலத்தில் பேசினால் சிரித்துத் தலையாட்டுவதோடு சரி. பள்ளியில் நடந்த பெற்றோர் கூட்டத்தில் டீச்சர் என்னிடம், "வீட்ல நீங்க இங்கிலீஷ் பேசுனாத்தானுங்க மேடம் பாப்பாவுக்கு வரும். எல்லாரும் பேசறாங்க, இவ மட்டும் வாயே தெறக்கறதில்லை" என்றார். பக்கத்தில் இன்னும் இரண்டு அம்மாக்கள் நின்றிருந்தார்கள். அன்று வீடு வந்து சேரும் வரை எனக்கு முகம் எரிந்தது.

அந்த வாரமே வாட்ஸ்அப்பில் நடக்கும் ஒரு ஆங்கில வகுப்பில் சேர்ந்தேன். என்னைப் போன்ற அம்மாக்கள் அறுபது பேருக்கு மேல் இருந்தோம். தினமும் காலையில் ஐந்து சொற்றொடர்கள் வரும். புத்தக ஆங்கிலம் வேண்டாம், அன்றாடம் பேசுகிற ஆங்கிலம்தான் வேண்டும் என்பார் வகுப்பு நடத்தியவர். கறிவேப்பிலை தீர்ந்துவிட்டால் 'ரன் அவுட் ஆஃப்', வேலையைத் தள்ளிப்போட்டால் 'புட் ஆஃப்', இன்றைக்கு இது போதும் என்றால் 'கால் இட் எ டே'. நான் அவற்றை ஒரு அட்டையில் எழுதி பிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். மகள் சரியான இடத்தில் சரியான சொற்றொடரைச் சொன்னால் அவள் பெயருக்கு நேராகத் தங்க நிற நட்சத்திரம் ஒன்று.

ஒரு விதியும் போட்டேன். வீட்டுக்குள் ஆங்கிலம் மட்டும்தான். தமிழில் கேட்டால் நான் திரும்பிப் பார்க்க மாட்டேன். தண்ணீர் கேட்டால்கூட. தறிக்கூடத்தில் எந்த மொழியும் பேசலாம். அதனால் பள்ளி விட்டு வந்ததும் அவள் தறிக்கூடத்துக்கு ஓடிவிடுவாள். அங்கே நூல் சுற்றும் அக்காவிடம்தான் அன்றைய கதை முழுவதும் போகும். பல வருடத் தறிச் சத்தத்தில் அந்த அக்காவுக்குக் காது மந்தம். உதட்டைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்வார்.

என் கணவருக்கு இதெல்லாம் வேடிக்கை. "ரெண்டு பேரும் பேசறதைக் கேட்டுத் தறிகூட மரியாதையா ஓடுது போ" என்பார். "நாளைக்கு எனக்குச் சோறும் இங்கிலீஷ்லதான் போடுவியா?"

அந்த வாரம் வந்த பாடம் உடல்நலம். உடம்பு சரியில்லை என்றால் 'அண்டர் த வெதர்'. ஒன்றைச் செய்யத் தெம்பில்லை என்றால் 'டோன்ட் ஃபீல் அப் டு இட்'. வாந்தி எடுப்பது 'த்ரோ அப்'. மூன்றையும் புதன்கிழமை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தேன்.

வியாழக்கிழமை மாலை வேனை விட்டு இறங்கி வந்தவள் பையைக்கூடக் கழற்றாமல், "அம்மா, ஐ ஆம் அண்டர் த வெதர்" என்றாள். நான் கை தட்டினேன். ஒரே நாளில் பிடித்துக்கொண்டாளே என்று அவளைத் தூக்கிச் சுற்றினேன். அவளும் கொஞ்சம் சிரித்தாள். நட்சத்திரத்தை அவளையே ஒட்டச் சொன்னேன். டிபன் பாக்ஸில் பாதிச் சாதம் அப்படியே இருந்தது. அவள் வழக்கமாக மிச்சம் வைப்பவள்தான்.

வெள்ளிக்கிழமை காலை சீருடையை எடுத்துக்கொண்டு போனால் படுக்கையிலேயே சுருண்டு கிடந்தாள். "ஐ டோன்ட் ஃபீல் அப் டு இட்" என்றாள். சொல் பிசகாமல் சொன்னாள். "வெரி குட்! ஆனா ஸ்கூலுக்குப் போய்த்தான் ஆகணும் கண்ணு" என்று என் விதியை நானே மீறித் தமிழில் சிரித்துக்கொண்டே தலை வாரிவிட்டேன். இரண்டாவது நட்சத்திரம். மாலையில் வந்து, மதியம் சாப்பிட்டதும் 'த்ரூ அப்' ஆனதாகச் சொன்னாள். இறந்தகாலத்தில் எப்படி மாறும் என்பதைக்கூட மறக்காமல் சொல்கிறாளே என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. அதற்குப் பிறகுதான் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டேன். பள்ளியில் யாருக்கோ பிறந்தநாள், கேக் கொடுத்தார்களாம். அதுதான் ஒத்துக்கொள்ளவில்லை என்று ஓமத் தண்ணீர் கொடுத்தேன். மூன்றாவது நட்சத்திரமும் ஒட்டினேன் என்பதை எழுத எனக்குக் கை வரவில்லை, ஆனாலும் எழுதுகிறேன்.

சனிக்கிழமை காலை உடம்பு லேசாகச் சுட்டது. ஆடிக் காற்றில் விளையாடியிருப்பாள் என்று காய்ச்சல் மருந்து ஒரு மூடி கொடுத்தேன். அன்றைக்குத்தான் வகுப்பில் ஒரு நிமிட வீடியோ அனுப்ப வேண்டிய நாள். நல்ல கவுன் போட்டு, நாற்காலியில் உட்காரவைத்து, செல்போனை அரிசி டப்பாவில் சாய்த்து வைத்தேன். நான் அம்மா, அவள் மகள். ஏன் சோர்வாக இருக்கிறாய் என்று நான் கேட்க வேண்டும், அவள் புதிய சொற்றொடர்களில் பதில் சொல்ல வேண்டும். நான்கு முறை எடுத்தோம். ஒவ்வொரு முறையும் வலப்பக்கமாகச் சாய்ந்தாள். "ஸிட் ஸ்ட்ரெய்ட்" என்று நான்கு முறையும் நிமிர்த்தி உட்காரவைத்தேன். நான்காவது நன்றாக வந்தது. வகுப்பு நடத்தியவர் கைதட்டும் படம் அனுப்பினார். என் கணவர் அந்த வீடியோவைத் திருப்பூரில் இருக்கும் தன் அண்ணனுக்கு அனுப்பி, "நம்ம புள்ள பேசறதைப் பாருங்க" என்று குரல் பதிவு போட்டார்.

வீடியோ முடிந்ததும் அவள் தறிக்கூடத்துக்குப் போனாள். கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது, இரண்டு நாள் வேலைக்கு வராமல் அன்றுதான் வந்திருந்த நூல் சுற்றும் அக்கா அவளைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார்.

"ஏனுங் அம்மணி, புள்ளை நெளிஞ்சு நெளிஞ்சு நடக்குது, பாக்கலீங்களா? வயிறு நோவுதுன்னு அழுவுது. மூணு நாளாச்சுங்களாமா?"

உள்ளூர் டாக்டர் வயிற்றில் கை வைத்து அழுத்தி எடுத்ததும் அவள் போட்ட அலறலை அதற்கு முன் நான் கேட்டதில்லை. ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் கோவைக்குக் கொண்டுபோகச் சொன்னார். அவிநாசி ரோடு முழுவதும் காரில் என் மடியில் கிடந்தாள். அவள் அப்பா ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை.

கோவை மருத்துவமனையில் குடல்வால் வெடித்துச் சீழ் பரவிவிட்டது என்றார்கள். உடனே ஆபரேஷன். கையெழுத்து வாங்கும்போது அந்த டாக்டர், "எப்ப இருந்துங்க வலி?" என்று கேட்டார்.

"இன்னிக்குத்தானுங்க" என்றேன்.

ஸ்ட்ரெச்சரில் கிடந்த என் மகள் கண்ணைத் திறந்தாள். "வியாழக்கிழமை இருந்துங்க. அம்மாகிட்டச் சொன்னனுங்க" என்றாள். தமிழில், அவ்வளவு மெதுவாக.

டாக்டர் என்னைப் பார்த்தார். என் கணவரும் பார்த்தார். நான் சொன்னேன்: "இல்லீங்க டாக்டர். பயத்துல ஏதோ சொல்றா. வலிக்குதுன்னு ஒரு வார்த்தை எங்கிட்டச் சொல்லலீங்க."

அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். உள்ளே தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள்.

வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோது செல்போன் ஒலித்தது. வகுப்பில் யாரோ ஒரு அம்மா, எங்கள் வீடியோவுக்குக் கீழே, "பாப்பா எவ்வளவு இயல்பாக நடிக்கிறாள்!" என்று எழுதியிருந்தார். வீடியோவைத் திறந்தேன். சத்தம் இல்லாமல் பார்த்தேன். சத்தம் இல்லாதபோதுதான் தெரிந்தது. அந்த ஒரு நிமிடமும் அவள் வலது கை கவுனுக்கு மேலே அடிவயிற்றை அழுத்திப் பிடித்திருந்தது. கையை அவள் எடுக்கவே இல்லை. நான் வார்த்தைகளை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

பதினோரு நாட்கள் மருத்துவமனையில் இருந்தோம். இன்னும் அரை நாள் போயிருந்தால் என்று அந்த டாக்டர் ஆரம்பித்தார், முடிக்கவில்லை. பிழைத்தாள். இப்போது எட்டு வயது, நன்றாக ஓடுகிறாள், வயிற்றில் ஒரு நீளமான தழும்பு இருக்கிறது. வகுப்பிலிருந்து விலகிவிட்டேன். விதியும் அன்றோடு போயிற்று. ஆங்கிலம் பள்ளியில் தானாக வந்துகொண்டிருக்கிறது.

வேறொன்றுதான் போய்விட்டது. அவள் இப்போது 'வலிக்குதும்மா' என்று என்னிடம் வருவதே இல்லை. போன மாதம் காதில் சீழ் வைத்ததை அவள் அப்பாவிடம்தான் சொன்னாள். முழங்காலில் அடிபட்டால் தறிக்கூடத்துக்குப் போகிறாள். "எங்காச்சும் நோவுதா கண்ணு?" என்று நான் தினமும் கேட்கிறேன். "ஒண்ணுமில்லீங்கம்மா" என்கிறாள், விருந்தாளியிடம் பேசுவது போல. தலை வாரும் சாக்கில் தொட்டுப் பார்க்கிறேன். கூச்சப்பட்டு நழுவிவிடுகிறாள். அதிகமாகக் கேட்கிறேனோ, இப்படிக் கேட்டே அவள் வாயை மூடவைக்கிறேனோ என்று அதற்கும் பயம்.

என் கணவர் என்னை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. குழந்தை சொல்லத் தெரியாமல் விட்டுவிட்டது என்றுதான் உறவுகளிடம் இன்றுவரை சொல்கிறார். வீடியோவில் வயிற்றைப் பிடித்திருந்த அந்தக் கையை அவர் கவனிக்கவில்லை. நானும் காட்டவில்லை. அவர் அப்படிச் சொல்லும்போதெல்லாம் மகள் பக்கத்தில்தான் இருக்கிறாள். தலை குனிந்து விளையாடிக்கொண்டிருக்கிறாள்.

பிள்ளை எந்த மொழியில் சொன்னாலும் முதலில் அதன் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று நான் கற்றுக்கொண்டேன். கற்றுக்கொண்டதற்கு விலை கொடுத்தவள் நான் இல்லை. வாசகர்களிடம், முக்கியமாக அம்மாக்களிடம் ஒன்று கேட்கிறேன். 'நீ அன்னிக்குச் சொன்னே கண்ணு. அம்மாதான் டாக்டர்கிட்டப் பொய் சொன்னேன்' என்று அந்த எட்டு வயதுப் பிள்ளையை உட்காரவைத்து, அவள் அப்பா முன்னாலேயே சொல்லிவிடட்டுமா? ஒருவேளை அவள் மறந்திருந்தால், நானே அதைத் தோண்டி எடுத்து அவள் கையில் கொடுத்ததாகிவிடுமா? உங்களுக்குத் தெரிந்ததை எழுதுங்கள்.