வேகத்தடையில் மாட்டிய கார்

ஜீப்பை விற்றுவிட்டு, ஆசைப்பட்டுப் பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வாங்கினேன். கோழிப்பண்ணைக்கும் தினமும் அதில்தான் போவேன். எங்கள் ஊர் வேகத்தடையில் மட்டும் அடி தட்டாமலிருக்கக் குறுக்காகச் சாய்த்து, மெல்ல ஏற்றுவேன்.

ஒரு நாள் மத்தியானம் அப்பாவுக்கு நெஞ்சுவலி. அவரைக் காரில் உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்கு விரைந்த பதற்றத்தில், வேகத்தடையில் காரை நேராக ஏற்றிவிட்டேன். அடிப்பாகம் மாட்டிக்கொண்டு கார் அசையவில்லை. "மூச்சு முட்டுது சாமி" என்று அப்பா என் கையை இறுக்கிப் பிடித்தார். நான் ஹாரனை அழுத்திக்கொண்டே அழுதேன்.

பின்னால் வந்த முட்டை வேன்காரர் இறங்கி, தன் முன்சீட்டிலிருந்த முட்டை அட்டைகளை ரோட்டோரம் வைத்தார். "முட்டை கெடக்குதுங்க, அய்யாவத் தூக்குங்க" என்றார்.

நாமக்கல் ஆஸ்பத்திரியில் அப்பா பிழைத்துக்கொண்டார். அந்த வேன்காரரிடம் ஒன்றை மட்டும் நான் இன்னும் சொல்லவில்லை. ஜீப் ஓட்டிய காலத்தில், முட்டை வேன்கள் கண்மண் தெரியாமல் போகின்றன என்று பஞ்சாயத்தில் சண்டை போட்டு, அந்த வேகத்தடையை அவ்வளவு உயரமாகப் போடவைத்தவன் நான்தான்.