பட்டிக்குள் உட்காரலாம்

கடைத்தெருவில் விசில் ஊதும் நகராட்சிக் காவலரை ஊரே 'ரூல்ஸ்' என்றுதான் கூப்பிட்டது. ஆள் அப்படி. ஈ காக்கை இல்லாத சாலையிலும் சிவப்பு விளக்குக்கு நிற்பார். ஒருமுறை, 'செருப்பை இங்கே விடவும்' என்ற பலகையைப் பெயின்ட் காய்வதற்காக யாரோ தெருவோரம் சாய்த்து வைத்திருக்க, மனிதர் அங்கேயே செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு வீட்டுக்கு வந்துவிட்டார். அவர் மனைவிதான் தலையில் அடித்துக்கொண்டு, போய் எடுத்து வந்தாள்.

மனைவிக்கு ஊர் வைத்த பெயர் 'ஊக்கு அக்கா'. கடைத்தெருப் படிக்கட்டோரம் சாக்கு விரித்து உட்கார்ந்து ஊக்கு, பொத்தான், ரிப்பன், சீப்பு விற்பாள். முட்டி இரண்டும் எப்போதோ மக்கர் பண்ண ஆரம்பித்துவிட்டன. உட்கார்ந்தால் மகாராணி. கொஞ்ச நேரம் நின்றால் கண்ணில் தண்ணீர் முட்டிவிடும்.

இந்த லட்சணத்தில்தான் நகராட்சித் தலைவருக்கு ஞானோதயம் ஆனது. நாலு ஊர் சுற்றிவிட்டு வந்தவர், நம் ஜனங்கள் எங்கே பார்த்தாலும் உட்கார்ந்திருப்பதால்தான் ஊர் உருப்படவில்லை என்று கண்டுபிடித்துவிட்டார். போட்டார் ஒரு சட்டம். கடைத்தெருவில் இனி யாரும் உட்காரக் கூடாது, விற்பவரும் சரி, வாங்குபவரும் சரி. உட்கார்ந்தால் விசில். விசிலுக்கும் எழுந்திருக்காவிட்டால், தெருக்கோடியில் இருக்கிற மாட்டுப் பட்டியில் சாயங்காலம் வரை அடைப்பு. தெருவிலிருந்த பெஞ்சுகளையெல்லாம் பிடுங்கி, போட வேறு இடமில்லாமல் அந்தப் பட்டிக்குள்ளேயே இறக்கினார்கள். மூளை அவ்வளவுதான் வேலை செய்தது.

ரூல்ஸ் விசிலைப் பல்பொடி போட்டுப் பளபளவென்று தேய்த்து மாட்டிக்கொண்டு கிளம்பினார். அந்த விசில் போய்விட்டால் தான் யார் என்று அவருக்கே தெரியாது.

ஊக்கு அக்கா ஒரு பகல் முழுக்க நின்று விற்றாள். வீட்டுக்கு வந்ததும் அவர் அவள் காலை மடியில் வைத்து எண்ணெய் தேய்த்தார்.

"ஏங்க, இது நியாயமா?"

"நியாயம் அநியாயமெல்லாம் பெரியவங்க பாத்துப்பாங்க. நம்ம வேலை ஊதுறது."

"வீங்கினது பெரியவங்க காலு இல்லீங்க. என் காலு."

அவர் விரலை அழுத்திய இடத்தில் பள்ளம் விழுந்து அப்படியே நின்றது. பார்க்கச் சகிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மறுநாள் ஊக்கு அக்கா வந்தாள், சாக்கை விரித்தாள், சப்பணம் போட்டு உட்கார்ந்தாள். தெருவே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. ரூல்ஸ் அவள் முன்னால் போய் நின்று ஊதினார். வெறும் காற்றுதான் வந்தது.

"ஒழுங்கா ஊதுங்க. பொண்டாட்டிக்கு மட்டும் சலுகையான்னு நாளைக்கு நாலு பேர் பேசுவாங்க."

ஊதினார். "எந்திரிம்மா, மானத்த வாங்காத."

"மாட்டேன். இந்தச் சட்டம் தப்பு. தெரிஞ்சே எந்திரிச்சா நானும் கூட்டு. யாரையும் அடிக்கல, ஓடி ஒளியல. புடிச்சுட்டுப் போங்க."

பிடித்துக்கொண்டு போனார். முட்டி வலிக்கிறதே என்று அவரே தோள் கொடுத்து, கடைக்கூடையையும் சுமந்துகொண்டு போனதால், கைது மாதிரியே தெரியவில்லை. பட்டியில் ஒரு கிடா ஆடும், பெரிய மரநிழலும், வரிசையாகப் பெஞ்சுகளும் இருந்தன.

"இங்க உக்காரலாமா?"

ரூல்ஸ் யோசித்தார். சட்டம் கடைத்தெருவுக்குத்தான், கடைத்தெரு பட்டி கேட்டோடு முடிகிறது. "உக்காரலாம்."

சேதி பரவ எவ்வளவு நேரம் ஆகும்? செருப்பு தைக்கிறவர் தெருவில் உட்கார்ந்தார். பழக்காரி உட்கார்ந்தாள். பூட்டு ரிப்பேர்காரர், "அண்ணே, நானும் உக்காந்துட்டேன், என்னையும் கவனிங்க" என்று கத்தினார். ரூல்ஸ் திணறிப் போனார். "புடிச்சுட்டுப் போறேன், வரிசையில வாங்க! வரிசையில யாரும் உக்காரக் கூடாது!" மதியத்துக்குள் கடைத்தெரு மொத்தமும் பட்டிக்குள் இருந்தது. வாங்க வந்தவர்களும் வெளியே ஒருதரம் உட்கார்ந்து, விசில் வாங்கிக்கொண்டு உள்ளே போனார்கள். கிடா இரண்டு முழம் ரிப்பனைத் தின்றது.

தலைவர் வந்து பார்த்தபோது தெரு துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. ரூல்ஸ் ஒருவர்தான் விறைப்பாக நின்றிருந்தார்.

"பட்டியிலயும் எவனும் உக்காரக் கூடாது. போய் எல்லாரையும் எழுப்பி நிக்க வை. உன் பொண்டாட்டிய முதல்ல எழுப்பு. இல்லேன்னா விசிலக் கழட்டி வச்சுட்டு வீட்டுக்குப் போ!"

ரூல்ஸின் கை விசிலைப் பிடித்தது. கண்ணுக்குள் அந்தப் பள்ளம் வந்து நின்றது. அழுகை வந்தது. பிறகு, மனைவி விட்டுப்போன சாக்கின் மேல் அப்படியே உட்கார்ந்தார்.

ரூல்ஸ் முறைப்படி தனக்குத்தானே விசில் ஊதினார். எழுந்திருக்கச் சொல்லித் தனக்குத்தானே உத்தரவு போட்டார், கீழ்ப்படிய மறுத்தார். அப்புறம் தன் சட்டைக் காலரைத் தானே பிடித்து இழுத்துக்கொண்டு பட்டிக்குப் போய், உள்பக்கம் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகினார்.

"தொறய்யா கேட்ட!" பின்னாலேயே ஓடி வந்த தலைவர் குதித்தார்.

"சாயங்காலம் வரைக்கும் யாரையும் வெளிய விடக் கூடாதுங்க. நீங்க போட்ட ரூல்ஸ்."

தலைவர் கத்தினார், மிரட்டினார், கெஞ்சினார். வெயில் மண்டையைப் பிளந்தது. கடைசியில் தள்ளாடி, கேட்டுக்கு வெளியே கிடந்த கல்லில் தொப்பென்று உட்கார்ந்தார்.

உள்ளேயிருந்து விசில் பறந்தது.

"கடைத்தெருங்க. எந்திரிங்க சார்."

"முடியலய்யா. கால் விண்ணு விண்ணுனு வலிக்குது."

"ஆமாங்க," என்றாள் ஊக்கு அக்கா. "அப்படித்தான் வலிக்கும்."

யாரும் சிரிக்கவில்லை. ரூல்ஸ் பூட்டைத் திறந்தார். வெளியே விடத்தானே கூடாது, உள்ளே விடலாம். ஊக்கு அக்கா பெஞ்சில் நகர்ந்து இடம் கொடுத்தாள்.

சாயங்காலம் எல்லாரையும் அனுப்பிவிட்டு, ரூல்ஸ் கழுத்திலிருந்து விசிலைக் கழற்றித் தலைவரிடம் நீட்டினார். அவர் அதை வாங்கவில்லை. பெஞ்சுகளைத் திரும்பத் தெருவுக்கே தூக்கிப் போட ஆள் அனுப்புவதாக மட்டும் முணுமுணுத்துவிட்டு நொண்டிக்கொண்டே போனார்.

ரூல்ஸ் மனைவியின் முன்னால் குனிந்து, அவள் காலை விரலால் அழுத்திப் பார்த்தார். பள்ளம் விழுந்தது. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நிரம்பியது.