தங்கச்சியின் சார்ஜர்

எங்கள் பழைய காரின் பற்றரி இறங்கிப்போன அன்று, என் கணவர் சாம்பல்தீவில் இருக்கும் என் தங்கச்சிக்குப் போன் எடுத்தார். அவள் தன் காரில் பற்றரி சார்ஜரோடு வந்தாள். எனக்கு இன்னும் லைசன்ஸ் இல்லை. அவளோ நிலாவெளி வரைக்கும் தனியாக ஓட்டிப் போய் வருகிறவள். அவள் காரை விட்டு இறங்குவதைப் பார்க்கவே எனக்கு வயிறு எரிந்தது.

"நான் கொழுவுறன்" என்று சார்ஜரைப் பறிக்காத குறையாக வாங்கினேன். சிவப்புக் கிளிப்பைப் பிளஸ் முனையிலும் கறுப்பை எஞ்சின் இரும்பிலும் கவ்வவிட்டுப் பிளக்கைப் போட்டேன். சார்ஜரில் கரண்ட் ஓட்டத்தைக் காட்டும் முள் அசையவில்லை. கிளிப்பை ஆட்டிப் பார்க்கக் கை வைத்தேன்.

"அக்கா, தொடாதேங்கோ! முதல்ல பிளக்கைக் கழட்டுங்கோ. பொறி பறந்தா பற்றரி வெடிச்சுப்போடும்."

கழற்றினேன். அவள் குனிந்து பார்த்தாள். "முனையில வெள்ளையாப் பூத்திருக்கு. அதுதான் கரண்ட் போகேல்ல."

கையுறை போட்டு, ஈரத்துணியால் அதைத் துடைத்தெடுத்தாள். மறுபடி கொழுவியதும் முள் எழும்பியது.

"இது தானா நிக்காது அக்கா. பற்றரி நிறைஞ்சு முள் இறங்கினதும் நீங்கள்தான் நிப்பாட்டோணும்."

"தங்கச்சி கெட்டிக்காரிதான்" என்றார் கணவர். என்னை அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

சார்ஜரை விட்டுவிட்டு அவள் போன பிறகும் நான் அந்த முள்ளை விட்டு அகலவில்லை. தேநீரைக்கூட அங்கேயே நின்று குடித்தேன். அது இறங்கியதும் முதலில் பிளக்கை இழுத்தேன், பிறகு கிளிப்புகளைக் கழற்றினேன். கணவர் காருக்குள் ஏறித் திறப்பைப் போட்டுத் திருகினார். கார் உடனே ஸ்டார்ட் ஆனது. அவர் சிரித்துக்கொண்டே போனைக் கையில் எடுத்தார், தங்கச்சிக்குச் சொல்ல.