தலைகீழாக விழுந்த மன்னர்

கோயமுத்தூரில் வாத்தியார் பயிற்சி முடித்த திருமூர்த்தி, பொள்ளாச்சிக்குப் பக்கத்தில் ஒரு ஜில்லா போர்டு பள்ளிக்கூடத்தில் சேர்ந்து ஒரு வருசம் ஆகியிருந்தது. வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. 1932 மாசியில் பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் வந்து பார்த்து எழுதினால்தான் உண்டு.

பயிற்சியில் மேஜிக் லாந்தர் வைத்துப் பாடம் நடத்தக் கற்றிருந்தார். உள்ளே விளக்கு எரியும் தகரப்பெட்டி அது. கண்ணாடிப் படத்தைத் தலைகீழாகச் செருகினால் சுவரில் நேராக விழும். ஒன்றை இரவல் வாங்கி வந்து, சன்னல்களில் கம்பளி கட்டி வகுப்பை இருட்டாக்கி, பத்து நாள் பழகினார். யானை, கப்பல், எரிமலை எதுவும் பிசகவில்லை. பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்த்த அழகு இருக்கிறதே, அடடா!

இன்ஸ்பெக்டர் வந்த அன்று காலையில், தலைமை ஆசிரியர் வெங்கடபதி புதுக் கண்ணாடிப் படம் ஒன்றைக் கொடுத்து அதை முதலில் காட்டச் சொன்னார். நாட்டை ஆண்ட வெள்ளைக்கார மன்னரின் படம். நம்ம திருமூர்த்தியோ பக்கத்து வீட்டு எருமையைக்கூட ‘நகருங்க’ என்கிற ஆள். அதிகாரி முன்னால் ராஜாவை எப்படித் தலைகீழாகப் பிடிப்பார்? அந்த நேரம் சுவர் ஞாபகத்தில் இல்லை, கையிலிருந்த முகம்தான் தெரிந்தது. மரியாதையாக, நேராகச் செருகிவிட்டார்.

சுவரில் மன்னர் தலைகீழாகத் தொங்கினார். பிள்ளைகள் கைதட்டிச் சிரித்தார்கள். நாடெங்கும் மறியலும் ஜெயிலுமாக இருந்த காலம் அது. இன்ஸ்பெக்டர் எழுந்து போனார். திருமூர்த்திக்குப் பயமும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. மனசு மரத்துப்போயிருந்தது. விளக்கை அணைத்துவிட்டுக் கம்பளிகளை மடித்து வைத்தார்.

விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது.

“கை தவறிப்போச்சுன்னு எழுதிப்போடுங்க. மத்தத நாம்பாத்துக்கறனுங்க” என்று வெங்கடபதி கெஞ்சினார்.

கை தவறவில்லையே! பாழாய்ப்போன மனுசன் உள்ளதை எழுதினார்: ‘வேண்டுமென்றேதான் அப்படிச் செருகினேன். மன்னரைத் தலைகீழாகப் பிடிக்க மனம் வரவில்லை.’ மேலிடத்துக்கு முதல் வரியே போதுமாயிருந்தது. வேலை போயிற்று.

“ஏனுங்க, அத்தன மருவாதி எதுக்குங்க?” என்று கேட்டாள் மனைவி நஞ்சம்மாள். அவள் போட்ட சோற்றைத் தின்றார், ருசி தெரியவில்லை.

மறுநாள் சந்தையில் கதர்ச்சட்டைக்காரர்கள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். ராஜாவையே தலைகீழாகத் தொங்கவிட்ட தீரர் என்று ஒருவர் கூட்டத்துக்குச் சொன்னார். அவர் கையில் மாலை இருந்தது. வயதில் பெரியவர், வேண்டாம் என்றால் மரியாதையாக இருக்காது. திருமூர்த்தி தலையைக் குனிந்து கொடுத்தார்.